பதிமூன்று நிமிட வெளிச்சம்

உண்மைதான் அது. இருக்கிறது. முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும், எனக்கே நான் சொல்லிக்கொள்ள வேண்டும், காலை ஏழே முக்காலுக்குத் தலைகூட வாராமல் வானாய்வகத்து மெஸ் மூலையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவளுக்கு வேறு யார் வந்து சொல்லப்போகிறார்கள். எலேனா ரிவாஸ் கேட்கிறாள். மரியாதையாகத்தான் கேட்கிறாள், அதுதான் எரிச்சல். அட்லாண்டிக் கடலில் ஒரு தீவு, தீவின் உச்சியில் ஒரு தொலைநோக்கி, அதன் முன்னால் இந்த எலேனா. ‘வாழ்த்துகள், கமலவேணி. சூப்பர்நோவா உங்களுடையதுதான், அதில் சந்தேகமே இல்லை. உங்கள் அறிவிப்பு வந்து ஆறு மணி நேரம் கழித்து எங்களுக்கு இருட்டியது. ஒரு மணி நேரம் முழுதாகப் பார்த்தோம். நீங்கள் சொன்ன ஹீலியம் கோடு இருக்கிறது. நைட்ரஜன் கோடு இல்லை. காஸ்மிக் கதிராக இருக்குமோ? இரண்டாவது எக்ஸ்போஷர் உங்களிடம் இருந்தால் பிரச்சினையே இல்லை. இல்லாவிட்டால் நைட்ரஜனை மட்டும் திரும்பப் பெற்றுவிடுவது எல்லோருக்கும் நல்லது. உங்கள் நேரம் ஒன்பது மணிக்குள் பதில் போட்டால் எங்கள் அறிக்கையை அதற்கேற்ப எழுதிவிடுவோம்.’ எல்லோருக்கும் நல்லதாம். எனக்கு எது நல்லதென்று அட்லாண்டிக்கில் இருப்பவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஐந்து தடவை படித்துவிட்டேன். ஆறாவது தடவை படித்தாலும் அதேதான் இருக்கும், கமலவேணி, மெயில் என்ன குழம்பா, வைக்க வைக்க ருசி மாறுவதற்கு. ஒன்பதுக்கு இன்னும் ஒன்றேகால் மணி நேரம் இருக்கிறது.

“டீ ஆறிப்போச்சு மேடம்” என்கிறார் தெய்வானை அக்கா. “பொங்கலா தோசையா?” ஏதோ ஒண்ணு குடுங்கக்கா என்றேன். “ஏதோ ஒண்ணு இல்ல. பொங்கல் இருக்கு, தோசை இருக்கு.” சரி, தோசை. இந்த மலையில் ஒரு முடிவாவது எடுத்தாகிவிட்டது. கல்லில் மாவு விழும் சத்தம் கேட்கிறது. சூப்பர்நோவாவாக வெடித்த அந்த நட்சத்திரம் இருந்ததே, நம் சூரியனைப் போலப் பதினைந்து மடங்கு கனம், அது வெடிப்பதற்கு முந்தைய கடைசி மாதங்களில் அதற்கு என்ன ஆயிற்று என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. மேல்தோலை உதறித் தள்ளும், சுற்றிலும் வாயுவாகப் பரவி நிற்கும், அப்புறம் வெடிக்கும். வெடித்த வெளிச்சம் அந்த வாயுவின் மேல் பட்டு ஒரு நாள், மிஞ்சிப்போனால் இரண்டு நாள், அது ஒளிரும். அந்த ஒளியைப் பிரித்து நிறமாலையாக நீளமாக விரித்துப் பார்த்தால் ஹீலியத்துக்கு ஒரு மெல்லிய கோடு, பக்கத்திலேயே நைட்ரஜனுக்கு ஒரு மெல்லிய கோடு. அதற்குள் சிதறல்கள் பின்னாலேயே ஓடிவந்து அந்த வாயுவை வாரி எடுத்துக்கொண்டு போய்விடும். கோடுகள் போய்விடும், அப்புறம் பத்தோடு பதினொன்றாக அதுவும் ஒரு சூப்பர்நோவா. ஹீலியம் மட்டும் இருந்தால் சரி, நல்லது, நாலு பேர் ஏற்கெனவே பார்த்தது. நைட்ரஜன் இருந்தால் கதையே வேறு. கடைசி ஆறு மாதத்துக்குள், நட்சத்திரத்துக்கு மிகப் பக்கத்தில், அவ்வளவு பெரிய உதறல். அதை இத்தனை சீக்கிரத்தில் யாரும் பிடித்ததில்லை. நான் பிடித்தேன். ஆறு கோடி வருஷம் வழியில் எங்கும் நிற்காமல் வந்த வெளிச்சம் நேற்று சாயங்காலம் பதிமூன்று நிமிஷம் என் கேமராவில் உட்கார்ந்துவிட்டுப் போனது. பதிமூன்றே நிமிஷம். ஒரே ஒரு எக்ஸ்போஷர்.

ஒரே ஒரு எக்ஸ்போஷர். இங்கேதான் மாட்டிக்கொள்கிறேன், சுற்றிச் சுற்றி இங்கேயே வந்து நிற்கிறேன். வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு முதல் வாரம் நானே சொல்லிக்கொடுக்கிற விஷயம் இது. வானத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத துகள்கள் எந்நேரமும் பெய்துகொண்டிருக்கின்றன, அதில் ஒன்று கேமராவுக்குள் ஒளியை வாங்குகிற சில்லில் விழுந்தால் அந்த இடம் வெள்ளையாகச் சுடும், பார்த்தால் நட்சத்திரத்தின் கோடு மாதிரியே இருக்கும். அதுதான் காஸ்மிக் கதிர். அதனால் எதையும் இரண்டு தடவை எடு. இரண்டிலும் இருந்தால் வானத்தில் இருக்கிறது. ஒன்றில் மட்டும் இருந்தால் சில்லில் இருக்கிறது. எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன், ஒண்ணை மட்டும் எடுத்துட்டு வந்து நிக்கிறியே, கல்யாண ஃபோட்டோன்னாகூட நாலு எடுப்பானே என்று. இப்போது யார் நிற்கிறார்கள்? நான்தான் நிற்கிறேன். ஆனால் எலேனா, உனக்கு ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். காஸ்மிக் கதிர் சில்லில் விழுந்தால் ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, கூர்மையாகக் குத்தி நிற்கும். நட்சத்திரத்தின் ஒளி அப்படி இல்லை, காற்றில் ஆடி ஆடி வருவதால் மேலும் கீழும் கொஞ்சம் பரவித்தான் விழும். என் நைட்ரஜன் கோடு, திரையில் ஒரு சின்ன மேடாக நிற்கிறதே, அந்த மேடு பரவியிருக்கிறது. ஏழு புள்ளி உயரம். நட்சத்திரமும் ஏழு புள்ளி உயரம். சரி, இரைச்சல் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். பதிமூன்று நிமிஷத்தில் இரைச்சல் இல்லாமல் என்ன இருக்கும். ஆறு புள்ளி என்றும் சொல்லலாம். ஐந்து என்று சொல்கிறவனும் சொல்வான். அடச்சே, எண்ணியது போதும், விடு.

பல் வலிக்கிறது. இடது பக்கம், பின்னால். பயம் வந்தால் எனக்கு அங்கேதான் வலிக்கும், முப்பது வயதிலேயே வலித்தது, அந்தப் பல்லைப் பிடுங்கி இருபது வருஷம் ஆகிறது, பல் இல்லாத இடம் வலிக்கிறது. அப்போது சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இதே மலை, இதே மெஸ், வேறு சமையல்காரர். ஒரு விண்மீன்திரளின் ஓரத்தில் புதுப் புள்ளி ஒன்றைப் பார்த்துவிட்டு உலகத்துக்கே அறிவித்தேன், புதிய சூப்பர்நோவா, கண்டுபிடித்தவர் கமலவேணி. மறுநாள் சாயங்காலம் அது நகர்ந்துவிட்டது. நட்சத்திரம் நகருமா? குறுங்கோள். வழியில் போய்க்கொண்டிருந்த ஒரு கல். இந்த நேரத்துக்கு அந்த இடத்தில் எந்தக் குறுங்கோள் இருக்கும் என்று பார்க்க ஒரு பட்டியல் உண்டு, நான் பார்க்காமலா இருந்தேன், பார்த்தேன். உலக நேரம் போட வேண்டிய கட்டத்தில் இந்திய நேரத்தைப் போட்டுப் பார்த்தேன். ஐந்தரை மணி நேரம் தள்ளி. அந்த ஐந்தரை மணி நேரத்தில் கல் பட்டியலில் வேறு இடத்துக்குப் போய்விட்டது, என் இடம் காலியாக இருக்கிறது என்று பட்டியல் சொன்னது, நானும் நம்பினேன். இந்த நாட்டில் வானம் பார்க்கிறவர்களுக்கு மட்டுமே வரக்கூடிய தப்பு. லண்டனில் இருப்பவனுக்கு இந்தத் தப்பைச் செய்ய வழியே இல்லை. ‘அஞ்சரை மணி’ என்று எனக்குப் பெயர் வைத்தார்கள், முகத்துக்கு நேராக இல்லை, டீ குடிக்கிற இடத்தில். அழுதேன். ஆமாம், அழுதேன், அதில் என்ன வெட்கம், குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அப்புறம் முகம் கழுவிக்கொண்டு வந்து திரும்ப அறிவித்தேன், தவறு என்னுடையது, வாபஸ். அதற்குப் பிறகு நாற்பத்தொரு சூப்பர்நோவா. நாற்பத்தொன்றும் சரி. அதை யாரும் டீ குடிக்கிற இடத்தில் சொல்வதில்லை.

நேற்று காலையும் இதே மூலையில்தான் உட்கார்ந்திருந்தேன். முந்தின இரவு சின்னத் தொலைநோக்கி தானாக எடுத்து வைத்த படங்களைப் பார்த்துக்கொண்டு போனபோது மீன ராசிப் பக்கம் ஒரு விண்மீன்திரள், அதன் சுருள் கை ஒன்றில் ஒரு புள்ளி. அதற்கு முந்தைய நாள் படத்தில் இல்லை. ஒரு நாள்கூட ஆகாத குழந்தை. மயிர்க்கூச்செறிந்தது, பொய் சொல்லவில்லை, கையில் இருந்த டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தேன். ஒரே படம்தான் இருந்தது, அடுத்த படத்துக்குள் மேகம் வந்துவிட்டது. மீன ராசி குறுங்கோள்கள் போகிற ராஜபாட்டை. பட்டியலைப் பார்த்தேன். நேரத்தை உலக நேரத்துக்கு மாற்றினேன். மாற்றினேனா? மாற்றினேன். மறுபடி பார்த்தேன். ஐந்தரையைக் கழித்தேனா, கூட்டினேனா? கழித்தேன். ஏழு தடவை பார்த்தேன், ஐம்பத்திரண்டு வயதில், நாற்பத்தொன்றைப் பிடித்தவள், விரல் விட்டு எண்ணிக்கொண்டு. பிறகு இயக்குநரைக் கூப்பிட்டேன். எங்களிடம் அவசர உரிமை என்று ஒன்று உண்டு. திடீரென்று வானத்தில் ஏதாவது வெடித்தால், அன்றைக்குப் பெரிய தொலைநோக்கி யாருக்கு ஒதுக்கப்பட்டிருந்தாலும், அவரிடமிருந்து நேரத்தை எடுத்துக்கொள்ளலாம். “எடுத்துக்கோ. எவ்வளவு நேரம்ங்கிறதை நீயே முடிவு பண்ணு. ஆனா இன்னைக்கு ராத்திரி யாருதுன்னு தெரியுமில்ல?” என்று கேட்டார். தெரியும் சார் என்றேன். வில்பிரட்டினுடையது.

வில்பிரட் நாகர்கோவில்காரர். நெப்டியூனுக்கும் அப்பால், பெயர்கூட இல்லாத, வெறும் எண் மட்டும் உள்ள ஒரு பனிக்கட்டிப் பாறையை ஒன்பது வருஷமாகத் துரத்திக்கொண்டிருக்கிறார். அது எவ்வளவு பெரியது, என்ன வடிவம், யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரே வழி, அது ஏதாவது ஒரு நட்சத்திரத்தை மறைத்துக்கொண்டு போகும்போது அந்த நட்சத்திரம் எத்தனை விநாடி காணாமல் போகிறது என்று பார்ப்பது. அப்படி மறைக்கும்போது விழும் நிழல் நேற்று ஏழு ஐம்பத்திரண்டுக்கு இந்த மலை மேல் போக வேண்டும். கிட்டத்தட்ட இருபது விநாடி. நிழல் போகிற பாதையில் இவ்வளவு பெரிய கண்ணாடி வேறு எங்கும் இல்லை. சின்னத் தொலைநோக்கியில் ஒரு படம் எடுக்கவே நாற்பது விநாடி ஆகும், அதற்குள் நிழல் கிருஷ்ணகிரி தாண்டிவிடும். அடுத்த நிழல் எப்போது என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறார், அவர் ஓய்வு பெற்றுப் பதினோரு வருஷம் கழித்து. மத்தியானம் போய்ச் சொன்னேன், வில்பிரட், எனக்கு உங்க சாயங்காலம் வேணும் என்று. அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். “எடுத்துக்கிடுங்க மேடம். ஏழு இருபத்தஞ்சுக்குத் தந்துட்டா போரும். கேமரா மாத்த இருபத்தஞ்சு நிமிசம் வேணும் பாத்தியளா, மாதையனுக்கும் ரெண்டு கைதானே” என்றார். அவ்வளவுதான். என் முகத்தைப் பார்க்கவில்லை, மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார்.

ஆறு ஐம்பதுக்குத் தொலைநோக்கிக்கு மேலே இருக்கும் டோமைத் திறந்தோம். மேற்கே இன்னும் வெளுப்பு இருந்தது. மாதையன் தொலைநோக்கியைத் திருப்பினார். இருபது வருஷமாக இந்த இரும்பைத் திருப்புகிறவர், ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசமாட்டார். திரையில் விண்மீன்திரள் மங்கலாக வந்தது, அதன் கையில் புள்ளி. முந்தின இரவு இருந்த அதே இடத்தில், ஒரு முடி நகராமல். கல் இல்லை! அப்பாடா. வாய்விட்டே சொல்லிவிட்டேன், அப்பாடா என்று, மாதையன்கூடச் சிரித்தார். ஏழு ஐந்துக்கு ஆரம்பித்தோம். இருபது நிமிஷத்தை இரண்டாகப் பிரித்துப் பத்து பத்தாக எடுத்திருக்கலாம். எடுத்திருக்க வேண்டும். வானம் இன்னும் முழுதாக இருட்டவில்லை, பத்து நிமிஷத்தில் ஒன்றும் தேறாது, இருபதை ஒன்றாகவே எடுத்துவிடலாம், அப்படித்தான் நினைத்தேன். அது தப்புக் கணக்கு இல்லை. இப்போது கேட்டாலும் அப்படித்தான் செய்வேன். ஏழு எட்டுக்கு எங்கிருந்தோ ஒரு மேகம் வந்து நின்றது. வந்ததா, வந்து போய்த்தொலையக் கூடாதா, ஏழு நிமிஷம் அங்கேயே நின்றது. நான் அதைத் திட்டிய திட்டை எழுத முடியாது. அது விலகியபோது ஏழு பதினைந்து. ஏழு இருபத்தைந்துக்கு நிறுத்தினால் கையில் பதிமூன்று நிமிஷ வெளிச்சம். வில்பிரட்டின் வேலை முடிந்து கேமராவைத் திரும்ப மாற்றுவதற்குள் மீன ராசி மேற்கே இறங்கிவிடும். இன்னும் பத்தே பத்து நிமிஷம் போனால் கோடு தெளிவான கோடாக நிற்கும், எலேனா இல்லை, அவளைப் பெற்றவள்கூடக் கேள்வி கேட்க முடியாது. உரிமை என்னிடம் இருந்தது. நீயே முடிவு பண்ணு என்று இயக்குநர் சொல்லியிருந்தார். ஏழு இருபத்துமூன்றுக்கு வில்பிரட் வந்து கதவருகில் நின்றார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன், எனக்குச் சண்டை போட வரும், என் அம்மாவின் பிள்ளை நான். அந்த மனுஷன் கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மாதையன், நிறுத்துங்க என்றேன்.

ஃபோன். சம்பத். வேலூரிலிருந்து என் வீட்டுக்காரர். “கமலா, சிலிண்டர் புக் பண்ற அந்த சீட்டை எங்க வெச்ச?” ஃபிரிட்ஜ் மேல, எவர்சில்வர் டப்பாவுக்குக் கீழ. “டப்பாவே இல்லையே.” இருக்கும், நல்லா பாருங்க, பாக்காமலே இல்லைன்னு சொல்லாதீங்க. ஒரு நிமிஷம் சத்தம், பாத்திரம் உருளும் சத்தம். “ஆமா, இருக்கு. என்ன, குரல் ஒரு மாதிரி இருக்கு?” ஒண்ணுமில்லை என்றேன். “ஒண்ணுமில்லைன்னு நீ சொன்னா என்னமோ பெருசா இருக்குன்னு அர்த்தம். சாப்ட்டியா?” சாப்பிட உட்கார்ந்திருக்கிறேன் என்றேன். அந்தக் கல் விவகாரத்தில் என்னைச் சாப்பிட வைத்தவர் இவர்தான், மூன்று நாள் பக்கத்திலேயே உட்கார்ந்து. சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன சொல்வார், உனக்குத் தெரிஞ்சா இருக்கும் கமலா என்பார், அவருக்கு நிறமாலையும் தெரியாது நைட்ரஜனும் தெரியாது, என்னைத் தெரியும். அது எனக்குப் போதும், எலேனாவுக்குப் போதாது. ஃபோனை வைத்ததும் தோசை வந்தது. ஓரம் மொறுமொறுவென்று இருக்கிறது. இரண்டு விள்ளல் சாப்பிட்டேன். எட்டேகால்.

எழுதித்தான் பார்ப்போமே என்று எழுதினேன். ‘அன்புள்ள எலேனா, நீங்கள் சொல்வது நியாயம். என்னிடம் ஒரே எக்ஸ்போஷர்தான் இருக்கிறது. நைட்ரஜன் கோட்டைத் திரும்பப் பெறுகிறேன்.’ எவ்வளவு சுலபமாக வருகிறது பாருங்கள், விரல் தானாகப் போகிறது, ஒரு தடவை எழுதிப் பழகியது அல்லவா. ஒருவரும் குறை சொல்ல மாட்டார்கள். எச்சரிக்கையான பெண்மணி என்பார்கள். சூப்பர்நோவா என்னுடையதாகவே இருக்கும், நாற்பத்திரண்டாவது, பென்ஷனில் எதுவும் குறையாது. அதை அனுப்பாமல் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். கோபம் வருகிறது. யார் மேல்? வில்பிரட் மேல். இருக்கட்டும், சொல்லிவிடுகிறேன், மனசுக்குள்தானே, வில்பிரட் மேல் கோபம் வருகிறது. அவருடைய பனிக்கட்டி அவருக்குக் கிடைத்துவிட்டது. கேமரா மாற்றி, ஏழு ஐம்பத்திரண்டுக்கு நானும் பின்னால் நின்று பார்த்தேன், அவருடைய நட்சத்திரம் பொசுக்கென்று அணைந்தது, வில்பிரட் வாய்க்குள் ஒன்று ரெண்டு மூணு என்று எண்ணிக்கொண்டிருந்தார், பத்தொன்பதில் திரும்ப வந்துவிட்டது. நான்தான் முதலில் கத்தினேன். வாழ்நாள் முழுக்க நட்சத்திரம் பொங்குவதைப் பார்க்கிறவள், ஒன்று அணைந்து திரும்பி வந்ததற்குக் கையைத் தட்டிக் கத்தினேன். அவர் கண் கலங்கியிருந்தது. அந்தச் சந்தோஷத்தில் எனக்குப் பங்கு இருக்கிறது, பத்து நிமிஷப் பங்கு. அதைத் திருப்பிக் கேட்கிற எண்ணமெல்லாம் எனக்கு இல்லை. ஆனால் ஒன்று இருக்கிறது. ஏழு இருபத்தாறுக்கு என் நிறமாலை திரையில் வந்தபோது அவர் என் பக்கத்தில்தான் நின்றார். இதோ பாருங்க, நைட்ரஜன், என்று விரலை வைத்துக் காட்டினேன். குனிந்து பார்த்தார். “ஓ” என்றார். அந்த ஓவுக்கு என்ன அர்த்தம்? ஆமாம் என்ற ஓவா, அப்படியா என்ற ஓவா, நேரமாகுது மேடம் என்ற ஓவா? அவர் பார்த்திருந்தால் இரண்டு பேர். ஒரு எக்ஸ்போஷர், இரண்டு ஜோடிக் கண். அவரோ நூலிழை அசைவைக்கூடக் கண்டுபிடிக்கிற ஆள், அவர் சொன்னால் எலேனா கேட்பாள்.

வந்துவிட்டார். லுங்கி, மேலே ஸ்வெட்டர், முகத்தில் இன்னும் நேற்றைய சிரிப்பு. “என்ன மேடம், தூங்கல்லியா? எனக்க பாறை முந்நூத்தி எழுவது கிலோமீட்டர் வருது, கேட்டியளா! உருண்டையா இல்ல, கொழுக்கட்டை மாதிரி இருக்கும் போலிருக்கு.” உட்கார்ந்து என் தட்டிலிருந்து ஒரு துண்டு தோசையைப் பிய்த்துக்கொண்டார். நான் லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி எலேனாவின் மெயிலைக் காட்டினேன். படித்தார். மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. கீழே நான் எழுதி வைத்திருந்த வாபஸையும் படித்தார். “அந்தப் பத்து நிமிசம்” என்றார். அதை விடுங்க என்றேன். “எப்படி விடுவேன்? நீங்க எடுத்திருந்தா இவ கேப்பாளா?” எடுத்திருந்தா உங்க கொழுக்கட்டை போயிருக்கும், அதை விடுங்கன்னு சொன்னேன்ல. எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க வில்பிரட். நேத்து நீங்க பாத்தீங்களே. உங்களுக்கு அந்த மேடு தெரிஞ்சுதா?

அவர் நிறமாலையைத் திறங்க என்றார், திறந்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, மூக்கு திரையில் இடிக்கிற மாதிரி பார்த்தார். பின்னால் சாய்ந்து பார்த்தார். நான் அவருடைய காதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், வேறு எங்கே பார்ப்பது. தெய்வானை அக்கா அவருக்குப் பொங்கல் வைத்துவிட்டுப் போனார், தொடவில்லை. கடைசியில் கண்ணாடியை இறக்கினார். “ஹீலியம் தெரியுது மேடம், நல்லாவே தெரியுது. இது” என்று என் மேட்டின் மேல் சுண்டு விரலை வைத்தார், “இது எனக்குத் தெரியல்ல. நேத்தைக்கும் தெரியல்ல. இரைச்சல்தான் எனக்குத் தெரியுது.” அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார், “ஆனா உங்களுக்கு நான் பட்டிருக்க கடனுக்கு, பாத்தேன்னு ஒரு வரி எழுதித் தரேன். நீங்க சொன்னா போரும். எனக்க பேரில எழுதித் தரேன்.” சும்மா இருங்க வில்பிரட்! சத்தமாகவே சொல்லிவிட்டேன், அக்கா எட்டிப் பார்த்தார். உங்ககிட்ட நான் கடனா கேட்டேன்? கண்ணைத்தான கேட்டேன். “கண்ணுக்குத் தெரியல்லியே மேடம், நான் என்ன செய்ய” என்றார், பாவம், முகம் சுருங்கிப்போய்விட்டது.

இடிந்து போயிருக்க வேண்டும் நான். ஆச்சரியம், அப்படி ஒன்றும் ஆகவில்லை. திரையைத் திரும்ப என் பக்கம் இழுத்தேன். மேடு இருக்கிறது. அவர் இல்லை என்று சொன்ன பிறகும் இருக்கிறது, அதே இடத்தில், அதே ஏழு புள்ளி உயரத்தில், எண்ண வேண்டிய அவசியமே இல்லாமல். இத்தனை நேரம் இன்னொருவர் ஆமாம் என்று சொல்ல வேண்டுமே என்று தவித்துக்கொண்டிருந்தேன், அதனால்தான் எண்ணினேன். மாணவியாக இருந்த நாளிலிருந்து முப்பது வருஷமாகப் பார்க்கிற கண் இது. ஒரு தடவை தப்பு செய்தது கண் இல்லை, கடிகாரம். கல்லைக்கூட என் கண் சரியாகத்தான் பார்த்தது, அங்கே ஒரு புள்ளி இருந்தது, பொய் இல்லை. நைட்ரஜன் ஆறு மணி நேரத்தில் போய்விட்டது, அவ்வளவுதான். போகக்கூடியதுதான் அது, போவதற்கு முன்னால் பிடிக்கத்தான் ஓடினேன். எழுதி வைத்திருந்த வாபஸை அழித்தேன். பிறகு எழுதினேன், நிறுத்தி நிதானமாக, வில்பிரட் பக்கத்தில் பொங்கலைப் பிசைந்துகொண்டிருக்க. ‘எலேனா, இரண்டாவது எக்ஸ்போஷர் இல்லை. பதிமூன்று நிமிடம்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு தொலைநோக்கி இன்னொருவருடைய வேலைக்குப் போய்விட்டது, அது அவருக்குரிய நேரம். நைட்ரஜன் கோட்டை நான் திரும்பப் பெறவில்லை. அது இருக்கிறது, நான் பார்க்கிறேன். என் பக்கத்தில் நின்று அதே திரையைப் பார்த்த சக வானியலாளர் ஒருவர் அதைப் பார்க்கவில்லை. உங்கள் அறிக்கையில் இரண்டையும் எழுதுங்கள். மூலத் தரவை இத்துடன் அனுப்புகிறேன். யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும்.’

வில்பிரட் எட்டிப் படித்தார். “நான் பாக்கல்லன்னதையும் எழுதணுமாக்கும்? உங்க கழுத்துக்கு நீங்களே கத்தியைத் தீட்டிக் குடுக்கியளே.” நீங்க பாக்கலைதானே என்றேன். “பாக்கல்ல.” அப்ப எழுதணும்தான். அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்தார், துடைத்துக்கொண்டே நின்றார். “ஒருவர்னா யாரு? பேரைப் போடுங்க. பாக்காதவனுக்கும் பேரு இருக்குல்லா.” நாளைக்கு நைட்ரஜன் நிஜம்னு ஆச்சுன்னா உங்களைச் சிரிப்பாங்க வில்பிரட் என்றேன். “சிரிக்கட்டும். இல்லன்னு ஆச்சுன்னா உங்களைச் சிரிப்பாவ. சரிக்குச் சரி.” பெயரைப் போட்டேன். வில்பிரட் பார்க்கவில்லை. அனுப்பினேன். எட்டு நாற்பது. அக்கா, இன்னொரு தோசை போடுங்க, இதை இவரே தின்னுட்டாரு. உலகத்தில் அந்தக் கோட்டைப் பார்த்தவள் இந்த நிமிஷத்துக்கு நான் ஒருத்திதான். இருந்துவிட்டுப் போகட்டும்.